சரியை, கிரியை, யோகம், ஞானம்: ஒரு பொருளடக்கம் ஏணியான கதை

சைவநெறிப் பாடம் படித்த எல்லோருக்கும் அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். சரியை, தாசமார்க்கம், சாலோகம், அப்பர். கிரியை, சற்புத்திரமார்க்கம், சாமீபம், சம்பந்தர். யோகம், சகமார்க்கம், சாரூபம், சுந்தரர். ஞானம், சன்மார்க்கம், சாயுச்சியம், மாணிக்கவாசகர். நாலு நிரை, நாலு நிரல். "இதில ஒரு கேள்வி கட்டாயம் வரும்" எண்டு ரியூசனில் சொல்லுவினம். நாங்களும் பாடமாக்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு வருவோம். ஏ.எல்லில் இந்து நாகரிகம் எடுத்தவர்கள் அதையே கொஞ்சம் நீட்டி எழுதியிருப்போம்.

அந்த அட்டவணையில் அப்பர் ஏன் முதலாம் நிரையில் நிற்கிறார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. திருத்தாண்டகம் பாடிய மனிதர், சமணமும் சைவமும் இரண்டும் கற்றுத் தேர்ந்தவர், அவர் கீழ்ப்படியாம். கையில் உழவாரம் வைத்திருந்ததால் அவருக்கு அந்த இடம். இந்த அட்டவணையை யார் போட்டது, எப்போது போட்டது, அதற்கு முதல் இந்த நாலும் எப்படி இருந்தன என்பதை வரலாறாகப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். ஞானம் எண்டால் என்ன எண்டு விளக்க நாங்கள் வரேல்ல. அதற்கு வேறு ஆட்கள் இருக்கினம். இப்போது யூரியூப்பைத் திறந்தால் "உயர் உணர்வு நிலையின் ஏழு படிகள்" என்று விளக்குவதற்கும் ஆட்கள் தாராளம்.

படிகளைப் பற்றிய யோசனை மிகப் பழையது. மாண்டூக்கிய உபநிடதத்தில் மொத்தமே 12 மந்திரங்கள். அது மனிதருடைய உணர்வை நாலாகப் பிரிக்கிறது: விழிப்பு, கனவு, கனவில்லாத ஆழ்ந்த உறக்கம், பிறகு "நாலாவது". அந்த நாலாவதுக்கு அது தனியாக ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பின்னால் வந்த துரியம் என்ற சொல்லுக்கும் நாலாவது என்றுதான் பொருள். அது இதுவல்ல, அதுவுமல்ல என்று இல்லைகளை அடுக்கித்தான் அந்த நிலை சொல்லப்படுகிறது. ஓங்காரத்தின் அ, உ, ம என்ற மூன்று ஒலிகளும் முதல் மூன்று நிலைகளுக்கு, ஒலியில்லாத மிச்சம் நாலாவதுக்கு.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். முதல் மூன்றும் எல்லோருக்கும் பொது. அரசனும் நித்திரை கொள்கிறான், அடிமையும் நித்திரை கொள்கிறான். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஆளும் மூன்று நிலைகளுக்குள்ளாலும் போய்வருகிறார். இந்த நூலில் படிகள் ஓர் ஆளுக்குள்ளேயே இருக்கின்றன. ஓர் ஆளை இன்னோர் ஆளுக்கு மேலே நிறுத்த அவற்றைப் பாவிக்கமுடியாது. கௌடபாதர் இதற்குக் காரிகை எழுதினார், சங்கரர் வழி வந்த அத்வைதம் அதன்மேல் நின்றது. யோகவாசிட்டம் ஏழு ஞானபூமிகள் என்றது. கன்னட நாட்டு வீரசைவர்கள் பக்தன் தொடங்கி ஐக்கியன் வரை ஆறு தலங்கள் என்றார்கள். ஒவ்வொரு மரபும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. எங்கள் கணக்கு நாலு. அதனால் நாலோடேயே நிற்போம்.

அந்த நாலும் ஆகமங்களிலிருந்து வருகின்றன. சைவ ஆகமங்கள் 28 என்பது மரபுக் கணக்கு. ஓர் ஆகமம் முழுமையாக இருந்தால் அதில் நாலு பாதங்கள் இருக்கவேண்டும்: ஞானபாதம் (வித்தியாபாதம் என்றும் சொல்வார்கள்), கிரியாபாதம், யோகபாதம், சரியாபாதம். பாதம் என்றால் இங்கே பகுதி. ஒரு நூலின் நாலு பகுதிகள், அவ்வளவுதான். மிருகேந்திரம், மதங்கம் போன்ற நூல்களில் வித்தியாபாதம் முதலில் வருகிறது, சரியாபாதம் கடைசியில். எங்கள் அட்டவணைக்கு நேர்த் தலைகீழ். கடவுள், உயிர், கட்டு என்பவை என்ன என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதற்கேற்ற சடங்கு, பிறகு யோகம், கடைசியில் தீட்சை பெற்றவர் அன்றாடம் கடைப்பிடிக்கவேண்டிய ஒழுக்கம் என்று அந்த ஒழுங்கு போகிறது. கோயில் கூட்டுவதும் பூப் பறிப்பதும் விளக்கேற்றுவதும் சரியை என்பது எங்கள் பாடப்புத்தகம் சொல்வது. பழைய சரியாபாதத்தில் இருப்பது பெரும்பாலும் தீட்சை பெற்றவருக்கான விதிமுறைகள். சொல் ஒன்று, பொருள் வேறு.

அதோடு இந்தப் பழைய ஆகம மரபில் வீடுபேற்றைத் தருவது ஞானம் அல்ல. 10ஆம் நூற்றாண்டளவில் காஷ்மீரத்தில் எழுதிய பட்ட ராமகண்டர் போன்ற சித்தாந்த ஆசிரியர்கள் இதை ஐயமில்லாமல் சொல்கிறார்கள். மலம் என்பது அறியாமை என்ற வெறும் குணம் அல்ல, உயிரைப் பிடித்திருக்கிற ஒரு பொருள். கண்ணில் வளரும் படலத்தைப் போல. "எனக்குக் கண்ணில் படலம் இருக்கு" என்று அறிந்துகொண்டால் படலம் போய்விடுமா? வைத்தியர் கத்தி வைக்கவேண்டும். அந்தக் கத்திதான் தீட்சை. குரு செய்கிற சடங்கு மலத்தை அறுக்கிறது, மிச்ச வாழ்நாளில் செய்கிற பூசையும் ஒழுக்கமும் மிச்சத்தைக் கழிக்கின்றன. ஆகவே அங்கே ஏணி என்று ஒன்றில்லை. தீட்சை பெற்றவர், பெறாதவர் என்ற ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே வர நாலாம் வருணத்தாருக்கும் வழி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். வேத வேள்வியில் அப்படி இல்லை.

காமிகம் போன்ற பெரிய ஆகமங்களில் இன்று கையில் கிடைப்பது பெரும்பாலும் கிரியாபாதம்தான். கோயில் கட்டுவது, விக்கிரகம் வைப்பது, திருவிழா நடத்துவது. தேவைப்பட்ட பகுதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள், மற்றது ஏட்டோடு போய்விட்டது. 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் எழுதிய பத்ததியை வைத்துத்தான் எங்கள் ஊர்க் குருக்கள்மாரும் இன்றைக்குக் கிரியை செய்கிறார்கள்.

பொருளடக்கம் ஏணியாக மாறியது தமிழில்தான். திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் சரியை முதலான நாலும், தாசமார்க்கம் முதலான நாலும், சாலோகம் முதலான நாலும் ஒன்றாக வருகின்றன. திருமந்திரத்தின் காலம் பற்றி அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை, அந்தச் சண்டைக்குள் நாங்கள் இறங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்துச் சிவஞானசித்தியார் பாடினார். சித்தியாரின் சுபக்கம் எட்டாம் சூத்திரத்தில் ஏணி முழுதாக நிற்கிறது. திருக்கோயிலைக் கூட்டி மெழுகிப் பூமாலை கட்டி விளக்கிடுகிறவர் சரியையாளர், இறைவனுக்கு வேலைக்காரர். உள்ளும் புறமும் பூசை செய்கிறவர் கிரியையாளர், மகன். மூச்சடக்கி உள்ளே தியானிக்கிறவர் யோகி, தோழன். கலைகளும் சமயங்களும் கடந்து அறிகிறவர் ஞானி. முதல் மூன்றுக்கும் கிடைப்பது பதமுத்தி. இறைவன் உலகில் இருக்கலாம், பக்கத்தில் இருக்கலாம், அவன் வடிவத்தைப் பெறலாம். ஆனால் திரும்பிப் பிறக்க நேரலாம். திரும்பாத இடம் ஞானத்துக்கு மட்டும்.

ஏன் இந்த மாற்றம்? எங்களுக்குப் படுகிற காரணம் இது. அதே 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடிவிட்டார். தேவாரம் திருமுறையாகிவிட்டது. கோயில்களில் திரண்டு நிற்கிற அடியார்கூட்டத்துக்கு ஆகம தீட்சை இல்லை, வடமொழி இல்லை, ஆனால் பூவும் பாட்டும் இருந்தன. பெரியபுராணத்தில் வருகிற குயவர், வண்ணார், வேடர், மீனவர் ஒருவரும் சிவபூசைப் பத்ததி படித்து வீடு பெறவில்லை. இவர்களை எங்கே வைப்பது? பழைய கோட்டை அப்படியே வைத்திருந்தால் நாயன்மாரில் பாதிப்பேர் கோட்டுக்கு வெளியே. அதனால் சித்தாந்திகள் கோட்டைப் படிகளாக்கினார்கள். விளக்கேற்றுகிறவரும் வழியில்தான் நிற்கிறார், அவருடைய முதற்படியும் சிவனிடமே போகிறது என்றார்கள். தாயுமானவர் பிற்காலத்தில் இந்த நாலையும் அரும்பு, மலர், காய், கனிக்கு ஒப்பிட்டார். அரும்பைப் பார்த்துக் கனி "நீ கீழ்" என்று சொல்லமுடியாது. ஆக, ஏணி முதலில் கட்டப்பட்டது ஆட்களை உள்ளே எடுக்கத்தான். கீழே எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அதற்கு முதல் துரியத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் சித்தாந்தத்தைப் படிக்கத் தொடங்குகிற எல்லோரும் தடக்கி விழுகிற இடம் அது.

மாண்டூக்கியத்தில் நாலாவது நிலை உச்சம். சித்தாந்தம் நாலை ஐந்தாக்கியது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். வடமொழியில் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். பேருறக்கம் என்ற தமிழைக் கவனியுங்கள். கீழாலவத்தை என்ற கணக்கில் துரியம் உச்சம் இல்லை, பாதாளம். விழித்திருக்கும்போது உயிர் புருவநடுவில் 35 கருவிகளோடு நிற்கிறது. கனவில் கழுத்துக்கு இறங்கினால் 25. உறக்கத்தில் இருதயத்தில் 3. பேருறக்கத்தில் கொப்பூழில் 2. கடைசியில் மூலாதாரத்தில் ஒன்றே ஒன்று. சித்தியார் இதற்கு ஓர் அருமையான உவமை வைத்திருக்கிறது. படையோடு உலாப் போன அரசன் அரண்மனைக்குத் திரும்புகிறான். ஒவ்வொரு வாசலிலும் கூட வந்தவர்களை விட்டுவிட்டு, காவலும் போட்டுவிட்டு, கடைசியில் அந்தப்புரத்துக்குள் தனியே போகிறான். உயிரும் அப்படித்தான் மூச்சைக் காவலுக்கு வைத்துவிட்டு உள்ளே போகிறது. உள்ளே போன அரசன் அங்கே ஞானம் பெறவில்லை. இருட்டில் கிடக்கிறான். கருவி இல்லாத உயிருக்குத் தன்னைக்கூடத் தெரியாது என்பதே சித்தாந்தம். அதற்குக் கேவலம் என்று பெயர்.

அப்படியென்றால் மனத்தை அடக்கி, புலனை அடக்கி, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது உயர்ந்த நிலை ஆகுமா? சித்தாந்தி "இல்லை" என்கிறார். உயரப் போகும் வழிக்கும் அவர் அதே ஐந்து பெயரைத்தான் வைக்கிறார், ஆனால் நின்மல சாக்கிரம், நின்மல துரியம் என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்து. அங்கே கருவிகள் கழல்வது ஒருபக்கம், அவற்றின் இடத்தில் அருள் வந்து நிற்பது மறுபக்கம். இரண்டாவது நடக்காமல் முதலாவது மட்டும் நடந்தால் அது வெறும் நித்திரை. "தியானத்தில பிளாங் ஆகிட்டன்" என்று சொல்கிற எங்கள் கம்பஸ் நண்பர்களுக்கு இதை ஒருக்கால் வாசித்துக் காட்டவேண்டும்.

உயரும் வழியையும் பத்தாகப் பிரித்தார்கள். தசகாரியம். தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி, ஆன்ம ரூபம், ஆன்ம தரிசனம், ஆன்ம சுத்தி, சிவ ரூபம், சிவ தரிசனம், சிவயோகம், சிவபோகம். 14 சாத்திரங்களில் ஒன்றான உண்மைநெறி விளக்கம் இதற்கென்றே பாடப்பட்டது, ஆறே பாட்டு. நாற்பாதத்தையும் சும்மா விடவில்லை. சரியையில் சரியை, சரியையில் கிரியை என்று நாலை நாலால் பெருக்கிப் பதினாறு படி செய்தார்கள். ஞானத்துக்குள்ளேயே கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்று நாலு. தீட்சையும் படிப்படியாக வந்தது: சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை. ஒவ்வொன்றும் அடுத்த படிக்கான அனுமதிச்சீட்டு மாதிரி. உச்சப்படியில் என்ன இருக்கிறது என்பதிலும் சண்டை. 17ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாச முனிவர், போர்த்துக்கேயருக்கு முறை வைத்துப் பசு கொடுக்கவேண்டும் என்ற கட்டளைக்குப் பயந்து கடல் கடந்தார் என்பது ஊர்க்கதை. அவர் சித்தியாருக்கு உரை எழுதினார். முத்தியில் உயிர் சிவத்துக்குச் சமமாகும் என்பது அவர் கட்சி. 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் அதை விடாமல் மறுத்தார். சிவனோடு ஒன்றினாலும் அடிமை அடிமைதான் என்பது இவர் கட்சி.

படிகளை இவ்வளவு நுணுக்கமாக அடுக்கிய அதே மரபு, அந்தப் படிகளைத் தாண்டிப் பாய்கிற கதைகளையும் கூடவே காப்பாற்றி வைத்திருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாருக்கு மாணாக்கரான கதையைப் பாருங்கள். அருணந்தி ஆதிசைவ மரபினர், 28 ஆகமமும் கற்றதால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. மெய்கண்டார் வேளாளர் வீட்டுப் பிள்ளை, அதுவும் சின்னப்பிள்ளை. பிள்ளை பாடம் சொல்கிறதாம், என் மாணாக்கர்கள்கூட அங்கே போய்விட்டார்களாம் என்று பண்டிதர் கோபத்தோடு போகிறார். ஆணவம் பற்றிப் பாடம் நடக்கிறது. "ஆணவத்தின் வடிவம் என்ன?" என்று பண்டிதர் கேட்கிறார். பிள்ளை வாயே திறக்கவில்லை. அவரைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தது, அவ்வளவுதான். பண்டிதர் பிள்ளையின் காலில் விழுந்தார். ஏணியைப் பாடிய ஆளின் சொந்தக் கதையே இப்படி இருக்கிறது. சாதி, வயது, படிப்பு மூன்றும் அங்கே தலைகீழ்.

நாலாவது சந்தான குரவர் உமாபதி சிவாசாரியார். அவர் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் உள்ள சக ஆண்டுக் குறிப்பு கி.பி. 1313க்கு வருகிறது, ஆகவே காலம் உறுதியாகத் தெரிகிறது. தில்லைவாழ் அந்தணர். தெருவில் நெசவாளர் கொடுத்த கூழைக் கையில் வாங்கிக் குடித்த மறைஞான சம்பந்தரின் கையிலிருந்து வழிந்ததைத் தான் குடித்தார் என்பதால் தீட்சிதர்கள் அவரை விலக்கிவைத்தார்கள் என்கிறது மரபு. அவர் கொற்றவன்குடியில் தனியே இருந்தார். அவருடைய மடத்துக்கு விறகு கொண்டுவந்து போட்டவர் பெற்றான் சாம்பான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர். ஒருநாள் அவர் கையில் ஓர் ஓலை. கூத்தப்பெருமானே பாட்டெழுதி, இவருக்குத் தீட்சை கொடுத்து முத்தி அளி என்று அனுப்பியதாம். உமாபதி அந்த இடத்திலேயே நிர்வாண தீட்சை கொடுத்தார், சாம்பான் சோதியானார். சமய தீட்சை எங்கே, விசேட தீட்சை எங்கே, மூன்று படியும் ஒரே பாய்ச்சல். கணவரைக் காணவில்லை என்று மனைவி முறையிட, அரசன் வந்து விசாரிக்க, உமாபதி அருகில் நின்ற முள்ளிச்செடிக்கும் அதே தீட்சையைக் கொடுத்துக் காட்டினார் என்று கதை போகிறது.

கதை நடந்ததா என்று வரலாற்று மாணவர்கள் கேட்கலாம். எங்களுக்கு முக்கியம் வேறொன்று. தீட்சிதர் குலத்து ஞானி ஒருவர், தீண்டாச்சாதி விறகுக்காரருக்குத் தகுதிப் பரீட்சை வைக்காமல் வீடு கொடுத்தார் என்ற கதையைச் சைவ மடங்களே நூற்றாண்டுக்கணக்காகச் சொல்லிவந்திருக்கின்றன. அதை விளக்கவும் அவர்களிடம் கோட்பாடு இருந்தது. சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல். அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நாலு வேகத்தில் வரும், எந்த உயிருக்கு எந்த வேகம் என்பது மலம் பழுத்த அளவைப் பொறுத்தது. வெளியே நிற்கிற எவராலும் பார்த்துச் சொல்லமுடியாது. சாம்பானைப் பார்த்து ஊர் என்ன நினைத்திருக்கும்?

இனி யாழ்ப்பாணம். ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூரில் பிறந்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் முதற் பிரசங்கம், 1848இல் அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் பட்டம். பாதிரிமாரின் வினாவிடைப் புத்தகத்துக்கு எதிராகச் சைவ வினாவிடையை அச்சிட்டார். மடத்துக்குள் குரு வாயால் பல வருடம் கேட்டறிந்த சங்கதி, இப்போது சின்னப்பிள்ளை மனப்பாடம் செய்கிற கேள்வி பதிலாக வந்தது. எங்களுடைய அட்டவணைக்கு மூதாதை அங்கேதான் இருக்கிறது. அது பெரிய காரியம், ஐயமில்லை. அந்த அச்சுப் புத்தகங்கள் இல்லையென்றால் எங்களில் பலருக்குச் சித்தாந்தம் என்ற சொல்லே காதில் விழுந்திருக்காது.

ஆனால் நாவலர் மீட்க நினைத்த சைவம் ஆகம விதிச் சைவம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமப்படி இல்லை என்று பத்திரிகை எழுதிச் சண்டை பிடித்தவர் அவர். தீட்சை, ஆசாரம், அதிகாரம் என்ற சொற்களை அழுத்தமாக நிலைநாட்டினார். சாதி வேறுபாட்டை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அதிகாரி என்றால் சித்தாந்தத்தில் பக்குவம் வந்தவர். யாழ்ப்பாணத்து நடைமுறையில் அந்தச் சொல் பிறப்பால் உரிமை உள்ளவர் என்று மாறிப்போனது. உயிருக்குள் இருந்த படி, கோயில் மண்டபத்தில் யார் எந்த இடம் வரை வரலாம் என்ற கோடாயிற்று. ஒருவர் மகாமண்டபம் வரை, ஒருவர் கொடித்தம்பம் வரை, ஒருவர் வீதிக்கு வெளியே. சரியை என்பது கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் விளக்கேற்றுவதும் என்றால், கோயிலுக்குள் விடப்படாதவருக்கு முதற்படியே இல்லை. எல்லாரையும் உள்ளே எடுக்கக் கட்டிய ஏணியின் அடிப்படியை உருவி எடுத்துவிட்டு, "அவைக்குப் பக்குவம் காணாது" என்றார்கள்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று சட்டம் சொன்னது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின்போது, தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தோடு ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலுக்கு வந்தார்கள். வாசலை மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். படிப்பில் அவரை மிஞ்ச அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆட்கள் குறைவு. மறித்தவர்கள் காட்டியது வழக்கத்தையும் ஆகமத்தையும். எந்த ஆகமம்? ஏட்டில் மிஞ்சிய கிரியாபாதம். உமாபதியையும் சாம்பானையும் பற்றி அந்த வாசலில் எவரும் பேசியதாக நாங்கள் எங்கும் வாசிக்கவில்லை. வெளியே நின்றவர்கள் கேட்டதும் ஞானமோ சாயுச்சியமோ அல்ல. கும்பிட விடுங்கோ எண்டுதான் கேட்டவை.

இதே யாழ்ப்பாணத்தில் இன்னொரு வரிசை ஆட்களும் இருந்தார்கள். கடையிற் சுவாமி யாழ்ப்பாணப் பெரியகடைத் தெருவில் திரிந்தவர், அதனால்தான் அந்தப் பெயர். அவர் வழியில் செல்லப்பா சுவாமி. 1915இல் சமாதியடைந்தார். அவர் இருந்த இடம் நல்லூர்க் கோயில் மூலஸ்தானமும் இல்லை, மண்டபமும் இல்லை. வெளியே, தேரடி. கந்தல் உடுப்பு, வாயில் ஏச்சு, ஊர் அவரை விசரன் என்றது. அவரிடம் வந்தவர் யோகர் சுவாமி (1872–1964), கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பில் வேலைசெய்தவர். தேரடியில் செல்லப்பர் அவரைக் கண்டதும் "யாரடா நீ" என்று அதட்டினாராம். தீட்சைக்கு மந்திரமும் இல்லை, அக்கினியும் இல்லை, அந்த அதட்டல்தான். செல்லப்பர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தைகளில் ஒன்றின் கருத்து, காரியம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது. முடிந்த காரியத்துக்கு நாலு படி எதற்கு, பதினாறு படி எதற்கு?

அதற்காக அவர்கள் படிகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றும் சொல்லமுடியாது. யோகர் சுவாமி கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்துகொண்டு, வந்தவர்களிடம் அவரவர் வேலையைச் சிவதொண்டாகச் செய்யச் சொன்னார். உத்தியோகத்தருக்கு உத்தியோகம், கமக்காரனுக்குக் கமம். 1935இல் தொடங்கிய இதழுக்கும், பிறகு யாழ்ப்பாணத்தில் எழுந்த நிலையத்துக்கும் "சிவதொண்டன்" என்றுதான் பெயர். தொண்டு அட்டவணையில் முதலாம் நிரை. உச்சத்தில் இருப்பவர் என்று ஊர் நம்பிய ஒருவர், வந்த எல்லோரையும் அப்பரின் படிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்பது சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரத்தை எடுத்துப் பார்த்தால் விளங்கும். முதல் 11 சூத்திரங்களும் உலகம், கடவுள், உயிர், மலம், அவத்தை, குரு, முத்தி என்று ஏறிக்கொண்டே போகின்றன. பதினோராவதில் உயிர் இறைவன் திருவடியை அடைந்துவிட்டது. கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால் பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது: முத்தி பெற்றவர் அதற்குப் பிறகு என்ன செய்வார்? மலத்தைக் கழுவிவிட்டு அடியார்களோடு சேர்ந்து கலந்திருப்பார், அடியார் வேடத்தையும் திருக்கோயிலையும் சிவனென்றே கும்பிடுவார். உச்சிக்குப் போனவர் இறங்கிவந்து சரியைக்காரர் நிற்கிற இடத்தில் அவரோடு தோளுரசி நிற்கிறார். மாவிட்டபுரத்து வாசலில் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டது அப்படியான ஒரு கோயிலைத்தான்.